மலைக்குளிரில் எண்ணெய்த் தேய்ப்பு: எங்கள் அனுபவங்கள்

கோத்தகிரி ஆசிரியை:

விடைத்தாள் திருத்தும் காலம் வந்தாலே எனக்குப் பிடரி இறுகிவிடும். படுத்தாலும் பள்ளி நினைப்பே ஓடும், தூக்கம் வராது. தவித்ததைப் பார்த்த சித்தி, குன்னூரில் ஒரு சித்த மருத்துவரிடம் அழைத்துப் போனார்.

படுக்கச் சொல்லும் முன் அவர் விசாரித்தது நிறைய. ரத்த அழுத்தம் உண்டா, காய்ச்சல் இருக்கிறதா, காலில் நரம்பு சுருண்டிருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எல்லாவற்றையும் கேட்ட பிறகே தொக்கணம், அதாவது சித்த மருத்துவ முறையில் உடம்பைப் பிடித்துத் தேய்த்துவிடுவது, செய்யலாம் என்றார். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று தொக்கணத்தில் ஒன்பது வகை இருக்கிறதாம். எனக்குப் பிடித்தலும் அழுத்தலும் போதும், இந்தக் கழுத்துக்கு முறுக்கல் கூடவே கூடாது என்றார். ஆளைப் பார்த்துச் செய்கிறார்கள் என்ற நம்பிக்கை எனக்கு அங்கேயே வந்துவிட்டது.

தேய்த்துவிட்டவர் ஒரு பெண். எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் இறக்கிவைத்துச் சூடாக்கினார். தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பதம் பார்த்த பிறகுதான் என் தோளைத் தொட்டார். தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் கட்டைவிரலை ஊன்றியவர், தேய்க்காமல் அப்படியே நிறுத்திக்கொண்டார். “மூச்சை விடுங்கள், அம்மா” என்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மூச்சு இறங்க இறங்க அந்த விரலும் ஆழமாக இறங்கியது. வலி கரைந்து கழுத்து வரை சூடு பரவியது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

வேலைச்சுமை குறையவில்லை, சில நாட்களில் இறுக்கம் மீண்டும் தலைகாட்டியது. ஆனாலும் இறுக்கம் இல்லாத உடம்பு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்திருந்தது. அது நினைவுக்கு வந்ததே பெரிய ஆறுதல்.

குன்னூர் வேன் ஓட்டுநர்:

மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். சீசன் நேரத்தில் ஏறி இறங்கினால் இடுப்பு ஒடிந்துவிடும். சுற்றுலாப் பயணிகளுக்கான ஒரு மசாஜ் நிலையத்துக்குப் போனேன். ஒரு கேள்வியும் இல்லை. எண்ணெய் சில்லென்று முதுகில் விழுந்தது. உடம்பு சுருங்கிக்கொண்ட நேரத்தில் முழங்கையை வைத்து அழுத்தினார்கள். வலிக்கிறது என்றால், வலித்தால்தான் பலன் என்றார்கள். மறுநாள் கிளட்ச் மிதிக்க முடியவில்லை, முதுகில் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. “போதும்” என்று சொன்னவுடன் நிறுத்தாத இடத்தில் உடம்பைக் கொடுக்காதீர்கள். ஆசிரியை சொன்னதுபோல விசாரித்துச் செய்பவர்கள் ஆண்களுக்கும் இருக்கிறார்களா?

ஊட்டி இல்லத்தரசி:

வீட்டிலேயே மாமியாருக்குக் காலும் பாதமும் தேய்த்துவிடுகிறேன். மார்கழியில் இங்கே தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும் என்பதால் நல்லெண்ணெய்தான். அறையைக் கதகதப்பாக்கி அவர் கால்களைக் கம்பளியால் மூடிவிடுவேன். தேய்க்கும் கால் மட்டும் வெளியே இருக்கும். அவருக்குப் பாதி நேரத்திலேயே கண் செருகிவிடும். தேய்க்கும் எனக்கும் மனம் அடங்குகிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நம் ஊர்க் கடைகளில் விற்கும் தைலங்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். யூகலிப்டஸ் தைலத்தை அப்படியே பூசினால் தோல் எரியும். எண்ணெயில் சில சொட்டுகள் கலந்தால் போதும். குழந்தைகள் குடித்துவிட்டால் வலிப்பே வரலாம். விண்டர்கிரீன் தைலம் பெரும்பாலும் மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் இனம். தோல் வழியாகவும் ரத்தத்தில் சேரும். ரத்தம் உறையாமலிருக்க மாமனார் மாத்திரை சாப்பிடுவதால், அவருக்கு அதைத் தேய்க்கவே கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். மூட்டுவலி என்று பெரியவர்கள் அள்ளிப் பூசுவதைப் பார்க்கும்போதெல்லாம் பதறுகிறது.

கோத்தகிரி ஆசிரியை:

ஓட்டுநர் அண்ணா, படித்ததும் மனம் கனத்துவிட்டது. நான் போன இடத்தில் ஆண்களுக்கு ஆண்களே தேய்க்கிறார்கள். அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவிலும் கேட்டுப் பாருங்கள். இடுப்பு வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, தேய்ப்பதைத் தள்ளிவைத்து முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். கன்றிய இடம் ஆறும் வரை யாரையும் அங்கே தொடவிட வேண்டாம்.