பாதுகாவலர் பதக்கம்: யாரைத் தேர்ந்தீர்கள், எப்படிப் பேணுகிறீர்கள்?

ஹட்டனிலிருந்து:

என் தங்கை மகளுக்கு இந்த வருடம் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிறாள். கழுத்துக்குப் பதக்கம் வாங்கித் தருவது பெரியம்மாவாகிய என் பொறுப்பு. திருவிழாக் கடையில் தட்டு நிறைய வைத்திருந்தார்கள். குழந்தை இயேசுவை ஏந்திய அந்தோனியார், அம்பு தைத்த செபஸ்தியார், பயணம் போகிறவர்களுக்குக் கிறிஸ்தோபர், கண்நோய்க்கு லூசியா. "எதை எடுத்தாலும் நல்லதுதான் அக்கா, பளபளப்பைப் பார்த்து எடுங்கள்" என்றார் கடைக்காரர். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. பாதுகாவலர் என்பவர் நமக்காகக் கடவுளிடம் மன்றாடுகிற புனிதர். அவர் எப்படி வாழ்ந்தார் என்று தெரியாத பிள்ளை அவரிடம் என்னவென்று பேசும்?

"உனக்கு யாருடைய கதை தெரியும்?" என்று அவளையே கேட்டேன். யோசித்துக்கூடப் பார்க்கவில்லை, "யோசேப் வாஸ் அடிகளார்" என்றாள். மறைக்கல்வி வகுப்பில் கேட்டதை வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1687இல் கோவாவிலிருந்து பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவர். 1692இல் கண்டிக்குள் நுழைந்தபோது போர்த்துக்கீச ஒற்றன் என்று மன்னன் விமலதர்மசூரியன் சிறையில் அடைத்தான். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி, ஊரார் நோயாளிகளை விட்டு ஓடினார்கள். அடிகளார் ஓடவில்லை. புண்ணைக் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தவர்களைத் தம் கையால் அடக்கம் செய்தார். பிள்ளைக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தாதியாக வேண்டும் என்று எப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறவள் அவள். 1711இல் கண்டியிலேயே கண்மூடியவரை, 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். நம் மலைகளிலேயே நடந்து திரிந்தவர் நம் பிள்ளையின் கழுத்தில் இருப்பது எனக்கு எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

பூசை முடிந்ததும் பங்குத்தந்தையிடம் கொடுத்து மந்திரித்து, அதாவது செபம் சொல்லி ஆசீர்வதித்து, வாங்கினோம். வெள்ளிப் பதக்கம். இந்தப் பனியிலும் ஈரத்திலும் எப்படிக் காப்பது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பண்டாரவளையிலிருந்து:

அக்கா, என் மாமா நகைப்பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் கற்றதைச் சொல்கிறேன். வெள்ளி கறுப்பதற்குக் காரணம் காற்றில் இருக்கும் கந்தகம். ஈரம் சேர்ந்தால் இன்னும் விரைவாகக் கறுக்கும். ரப்பரிலும் கந்தகம் உண்டு. பதக்கத்தை ரப்பர் பட்டி சுற்றி வைக்கிறார்கள், அது வேண்டவே வேண்டாம். குளிக்கும்போது கழற்றிவிட்டு, இரவில் மென்மையான பருத்தித் துணியால் வியர்வையை ஒற்றி எடுத்தால் பாதி வேலை முடிந்தது. அழுக்கு ஏறினால் வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் சவர்க்காரமும் போதும். உருவத்தின் மடிப்புகளில் கொஞ்சம் கருமை இருக்கட்டும். அதையும் தேய்த்து எடுத்தால் முகம் தட்டையாகிவிடும், சுற்றியுள்ள எழுத்தும் படிக்க முடியாது. பற்பசையால் தேய்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். கீறல் விழும்.

முலாம் பூசியது என்றால் எலுமிச்சை, புளி எதுவும் கிட்டே வரக்கூடாது. பித்தளை பச்சையாகக் களிம்பு பிடிக்கும். அதை உடனுக்குடன் துடைக்க வேண்டும்.

பட்டறைக்கு வரும் பதக்கங்களில் தேய்ந்திருப்பது பெரும்பாலும் மேலே உள்ள சிறு வளையம். சங்கிலி ஒரே இடத்தில் உரசி உரசி, ஒரு பக்கம் நூலளவு மெலிந்திருக்கும். பதக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் தெரியும். அறுந்து விழுந்த பிறகு தேடுவதைவிட மெலியும்போதே மாற்றுவது மேல்.

மஸ்கெலியாவிலிருந்து:

என் அம்மா கொழுந்து எடுக்கிறார். சங்கிலி போட்டுக்கொண்டு குனிந்தால் தேயிலை வாதில் மாட்டுகிறது என்று, அந்தோனியார் பதக்கத்தை ரவிக்கையின் உட்புறம் ஊக்கில் குத்திக்கொள்வார். வேலை முடிந்து வந்தால் முதல் காரியம், ஊக்கைக் கழற்றித் துடைத்து முத்தமிட்டு, சுரூபத்தின் பாதத்தில் வைப்பதுதான். மழைக்காலத்தில் ஊக்குத் துருப்பிடித்துத் துணியிலும் பதக்கத்திலும் கறை படியும் என்பதால் அடிக்கடி மாற்றிவிடுவார்.

எங்கள் தோட்டத்தில் செவ்வாய்க்கிழமைகளில் சைவக் குடும்பத்தாரும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்த வருவார்கள். பக்கத்து லயத்து ஆச்சி ஒருவர், பேரனுக்குக் காய்ச்சல் என்று ஒரு பதக்கம் கேட்டார். அம்மா கொடுத்தார். கொடுக்கும்போது, "இது தாயத்து இல்லை ஆச்சி. அவரோடு சேர்ந்து நீங்களும் வேண்டிக்கொள்ள வேண்டும், பிள்ளையை டிஸ்பென்சரிக்கும் கூட்டிப் போக வேண்டும்" என்றார். ஆச்சி இரண்டையும் செய்தார். அம்மா அன்று சொன்னதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு இதை விளக்கியதில்லை.

கண்டியிலிருந்து:

தாயத்து என்றதும் ஆசீர்வாதப்பர், அதாவது புனித பெனடிக்ட், பதக்கம் நினைவுக்கு வருகிறது. பின்புறச் சிலுவையில் நிறைய எழுத்துகள் இருப்பதால் அதை மாந்திரீகம் என்று பயப்படுகிறவர்களையும், அதற்காகவே வாங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவை லத்தீன் செபத்தின் முதல் எழுத்துகள். திருச்சிலுவை எனக்கு ஒளியாக இருக்கட்டும், அலகை எனக்கு வழிகாட்டியாக வேண்டாம், சாத்தானே அப்பாலே போ என்பதுதான் அதன் சாரம். இன்று பரவலாகக் கிடைக்கும் வடிவம், அந்தப் புனிதர் பிறந்து 1400 ஆண்டு நிறைவை ஒட்டி 1880இல் வந்தது. இங்கே அம்பிட்டியில் அவருடைய ஒழுங்கைப் பின்பற்றும் துறவிகளின் மடம் இருக்கிறது. வாங்குகிறவர்கள் அந்தச் செபத்தைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொருள் தெரிந்து சொன்னால் பயம் எங்கிருந்து வரும்?

ஹட்டன் அக்காவிடம் ஒரு கேள்வி. எங்கள் பாட்டியின் அற்புதப் பதக்கம், மாதா உருவம் பொறித்தது, முகமே தெரியாமல் தேய்ந்து, இரண்டாக உடைந்தும் விட்டது. என்ன செய்வது?

ஹட்டனிலிருந்து:

தம்பி, மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது, உருக்கி வேறு நகை செய்யவும் வேண்டாம். தனியார் கையில் இருந்தாலும் பக்தியோடுதான் நடத்த வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1171ஆம் எண்ணில் சொல்கிறது. யாரும் மிதிக்காத இடத்தில் மண்ணில் புதைப்பது வழக்கம். பாட்டியின் கல்லறைப் பக்கம் இடம் இருந்தால் அங்கேயே புதைக்கலாம். கோயிலில் கொடுத்தாலும் முறைப்படி செய்வார்கள்.

பண்டாரவளைத் தம்பிக்கு நன்றி. நீங்கள் சொன்னபடி வளையத்தைப் பார்த்தேன், கடையில் போட்டிருந்தது வாய் மூடாத மெல்லிய கம்பி. பற்றவைத்த வளையமாக மாற்றக் கொடுத்திருக்கிறேன். வளையமோ சங்கிலியோ மாற்றினால் மறுபடி மந்திரிக்க வேண்டியதில்லை என்று பங்குத்தந்தை சொன்னார். ஜனவரி 16 அடிகளாரின் திருநாள். அன்று தங்கை மகளைக் கண்டிக்குக் கூட்டிப் போகிறேன்.