பெல்ஹாம் 123: பழசு பாக்கலாமா, புதுசே போதுமா?

கேள்வி:
நேத்து டோனி ஸ்காட்டோட 2009 பெல்ஹாம் படம் பாத்தேன், ரயில் கன்ட்ரோல் ரூம்ல இருக்குற டென்செல் வாஷிங்டனும் ரயில கடத்துற ட்ரவோல்டாவும் மைக்ல மோதிக்கிறது செம. 1974ல வந்த ஒரிஜினலும் இருக்காமே, ரொம்ப ஸ்லோவா போகுமா?

பதில்:
ஸ்லோவா? யோவ்! நியூயார்க் சப்வேல ரயில மடக்கி, ஒரு மணி நேரத்துல 10 லட்சம் டாலர் வரணும், லேட்டானா நிமிஷத்துக்கு ஒரு ஆள் காலின்னு சொல்றானுங்க, இதுல எங்கருந்து ஸ்லோ வரும். பழசுல கடத்தல் தலைவனா வர்ற ராபர்ட் ஷா சத்தமே போட மாட்டாரு, பணயக்கைதிங்கள வச்சிக்கிட்டு உக்காந்து குறுக்கெழுத்து போடுவாரு, அந்த நிதானம்தான் பயமே. ட்ரவோல்டா கத்துறதெல்லாம் எனக்கு தலைவலி. பழசுக்கு டேவிட் ஷையர் போட்ட மியூசிக்க ஹெட்போன்ல கேளுங்க.

பதில்:
ரீமேக்க ரொம்ப மட்டம் தட்டாதீங்க பாஸ். டென்செல் கேரக்டருக்கு லஞ்ச கேஸ் வச்சாங்கல்ல, பயணிய காப்பாத்த மைக்ல ஒத்துக்குற சீன் பழசுல கிடையாது, அதுல கடத்தல்காரங்களோட பேசுற வால்டர் மாத்தாவுக்கு அந்த பாரமே இல்ல. ஆனா கேமரா ஆட்டம் ஓவர்தான், ஒத்துக்குறேன்.

பதில்:
நடுவுல 1998ல ஒரு டிவி படமும் வந்துச்சு, அத விடுங்க. கடத்தல்காரங்களுக்கு ப்ளூ, க்ரீன், க்ரே, ப்ரவுன்னு கலர் பேரு 1974லயே இருக்கு. அதுல ஒருத்தருக்கு ஜலதோஷம், கவனிச்சிக்கிட்டே இருங்க, மேல சொல்ல மாட்டேன்.

கேள்வி கேட்டவர்:
சரி, இன்னைக்கு நைட்டு அதான்.