அப்பாவோட பத்மினியை ஏற்காடு ஏத்தணும்: 8 வருஷம் நின்ன வண்டிக்கு என்னென்ன பாக்கணும்?

கோரிமேடு_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1987 பிரீமியர் பத்மினி, பெட்ரோல், ஸ்டீயரிங் கியர். 8 வருஷமா ஷெட்ல கல்லு மேல நிக்குது. தெருவுல அதுக்குப் பேரு காயலாங்கடை வண்டி, தள்ளு வண்டி. ஆனா முன்சீட்டுல மூணு பேரு, பின்னாடி நாலு பேரு, கேரியர்ல ஜமக்காளமும் புளிசோத்துத் தூக்கும் கட்டிக்கிட்டு எங்க குடும்பமே கோடை விழாவுக்கு ஏறினது இந்த வண்டியிலதான். அப்பாவுக்கு 78 ஆகுது. அவரை அதே முன்சீட்டுல உக்கார வச்சு ஒரு தடவை மேல கூட்டிட்டுப் போகணும்.

முதல்ல இதை எப்படி உயிர்ப்பிக்கறது? அப்ப எல்லாம் பாதி வளைவுல நின்னுடும், இஞ்சின்ல இருக்கற பெட்ரோல் பம்ப் மேல ஈரத்துண்டு போட்டுட்டு உக்காந்திருப்போம். அதுக்கு நிரந்தர வழி உண்டா? இப்ப வர 20 சதவீத எத்தனால் பெட்ரோல் தாங்குமா? வின்டேஜ் பதிவு பண்ணிடுன்னும் சிலர் சொல்றாங்க, அது சரியா?

பாயிண்ட்_கண்டென்சர்:

நல்ல காரியம் பண்றீங்க. கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில்: 2021ல வந்த வின்டேஜ் விதிப்படி வண்டிக்கு 50 வயசு முடிஞ்சிருக்கணும். உங்களுது சேராது. சேர்ந்தாலும் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு மட்டும்தான் ரோட்டுல எடுக்க முடியும். சாதாரண ஆர்.சி.யைப் புதுப்பிச்சுக்கங்க. 15 வருஷத்துக்கு அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருக்கா பண்ணணும். விட்டுப் போயிருந்தா தாமதக் கட்டணம் சேர்ந்திருக்கும், அதை முடிச்சிட்டு இன்சூரன்ஸ் எடுங்க.

இப்ப இஞ்சின். பேட்டரி மாட்டின உடனே செல்ஃப் அடிச்சிடாதீங்க. நாலு பிளக்கையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு டீஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்க. சிலிண்டர் சுவத்துல துரு பிடிச்சு பிஸ்டன் ரிங் ஒட்டியிருந்தா அப்பதான் இளகும். மறுநாள் பிளக் இல்லாமலே நாலாவது கியர்ல போட்டு வண்டியை மெதுவா தள்ளுங்க. ஃபேன் சுத்தினா பிழைச்சோம். இஞ்சின் இறுகி சக்கரம் நகர மறுத்தா பலத்தைக் காட்டாதீங்க. இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டு இரண்டு நாள் பொறுங்க.

அப்புறம் பழைய ஆயில், பழைய பெட்ரோல் ரெண்டையும் வடிச்சிடணும். 8 வருஷப் பெட்ரோல் வார்னிஷ் மாதிரி ஆகி, கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டையை, அதாவது ஜெட்டை, அடைக்கும். டேங்கை இறக்கி டார்ச் அடிச்சுப் பாருங்க, உள்ள துரு இருந்தா கழுவாம மாட்டாதீங்க. கார்புரேட்டரைப் பிரிச்சு ஜெட்டுகளைக் காத்தடிச்சு சுத்தம் பண்ணுங்க. கம்பி விட்டுக் குத்தினா ஓட்டை பெருசாகி வண்டி பெட்ரோலைக் குடிக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள கரண்டை விட்டு விட்டு வெட்டற பாயிண்ட்டோட முகத்தை உப்புத்தாள்ல லேசா தேச்சு, இடைவெளி 0.45 மி.மீ. பக்கத்துல வைங்க. பிளக் 0.6. பாயிண்ட் கருகாம காக்கற கண்டென்சர் பழசுன்னா யோசிக்காம மாத்திடுங்க. கிளட்ச் பிளேட் ஃப்ளைவீல்ல ஒட்டியிருக்கவும் வாய்ப்பு அதிகம். பெடலை மிதிச்சும் கியர் விழாம கறகறன்னா அதுதான் காரணம்.

மலைப்பாதை:

ஈரத்துண்டு சமாசாரத்தைக் கொஞ்சம் விரிவா சொல்லோணும், ஏன்னா பத்மினிக்குத் தள்ளு வண்டின்னு பேரு வந்ததே பாதி இதனாலதான்.

பெட்ரோல் டேங்க் பின்னாடி, பம்ப் முன்னாடி இஞ்சின் மேலயே. அத்தனை நீளப் பைப்புலயும் பம்ப் பெட்ரோலை உறிஞ்சுதே தவிர, பின்னாலிருந்து யாரும் தள்ளி விடறதில்லைங்க. உறிஞ்சற பக்கம் அழுத்தம் கம்மி, அழுத்தம் கம்மியானா கொதிக்கற சூடும் கம்மி. பெட்ரோல்ல இருக்கற லேசான பாகம் 40 டிகிரி பக்கத்துலயே ஆவியாகத் தொடங்கும். பைப்புல ஆவி நிறைஞ்சா பம்புக்குள்ள இருக்கற டயஃப்ரம், அதாவது ரப்பர் சவ்வு, அந்த ஆவியைத்தான் அமுக்கி அமுக்கி விடும், பெட்ரோல் மேல வராது. ஏர் லாக்குன்னு எல்லாரும் சொல்றது இதைத்தான். மேல ஏற ஏறக் காத்தழுத்தமும் குறையும், அதனால இன்னும் சுலபமா வரும். ஓடிட்டு இருக்கும்போது வராம, எதிர்ல பஸ்ஸுக்கு வழி விட்டு வளைவுல நின்னதும் வரும். நின்னா முன்காத்து கிடையாது, ஐடில்ல ஃபேனும் மெதுவா சுத்தும், இஞ்சின் சூடு அத்தனையும் பம்புக்கு ஏறும்.

எத்தனால் கலந்தா இது கூடுமே தவிரக் குறையாது. இன்னொண்ணு, 80களோட ரப்பர் எத்தனாலுக்குப் பண்ணினது இல்லைங்க. உப்பும், மெத்துன்னு ஆகும், பிறகு வெடிப்பு விடும். பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் வரத்தை அடைக்கற ஃப்ளோட் ஊசியோட முனை, எல்லா ரப்பர் பைப்பும் மாத்தோணும். பைப் மேல எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9ங்கற தர முத்திரை இருக்கான்னு பாத்து வாங்குங்க. ஊசி முனையும் டயஃப்ரமும் எத்தனால் தாங்கற விட்டான் ரப்பர்ல கேளுங்க. சேலத்துல கிடைக்கலைன்னா சென்னை புதுப்பேட்டையில விசாரிக்கலாம்.

எத்தனால்ல ஆக்சிஜன் இருக்கறதால கலவை மெலிஞ்சு போகும். கீழ ரோட்டுல இழுவை குறைஞ்சு சூடு ஏறினா மெயின் ஜெட் ஒரு சைஸ் பெருசு போட்டுப் பாருங்க. ஆனா ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், அங்க காத்து லேசு, அதனால கார்புரேட்டர் வண்டிக்குக் கலவை தானாவே கெட்டியாகும். மலைக்கு மட்டும்னா ஜெட்டைத் தொடவே வேண்டாம்.

நிரந்தர வழின்னு கேட்டீங்க. டேங்க் பக்கத்துல சின்ன எலக்ட்ரிக் பம்ப் ஒண்ணு போடலாம். அங்கிருந்து தள்ளினா பைப்புல அழுத்தம் கூடும், ஆவி பிடிக்காது. 2 முதல் 3 பி.எஸ்.ஐ. பம்பா இருக்கோணும். இன்ஜெக்‌ஷன் வண்டி பம்பை மாட்டினா ஃப்ளோட் ஊசி தாங்காது, பெட்ரோல் வழிஞ்சு சூடான மேனிஃபோல்டுல (இஞ்சின்லேருந்து புகை வெளிய வர்ற குழாய்) கொட்டும். இஞ்சின் நின்னா பம்பும் நிக்கற மாதிரி ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியா ஒயரிங் கொடுங்க. இது இல்லாம போடவே வேண்டாம்னுதான் சொல்வேன்.

எலக்ட்ரிக் பம்ப் வேண்டாம்னா மேனிஃபோல்டுக்கும் பம்புக்கும் நடுவுல ஒரு அலுமினியத் தகடு, பைப்புக்கு வெப்பம் தடுக்கற உறை. துண்டும் கையில இருக்கட்டும். டிஸ்ட்ரிபியூட்டர்ல தண்ணி சொட்டாம பாத்துக்கங்க.

பாயிண்ட்_கண்டென்சர்:

மலைப்பாதை அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். சூட்டுல நின்னா எல்லாமே ஏர் லாக் கிடையாது. கண்டென்சரும், பிளக்குக்கு கரண்ட் அனுப்பற காயிலும் சூடானா மக்கர் பண்ணும், ஆறினதும் தானா சரியாகும், துண்டு போட்டதாலதான் சரியாச்சுன்னு தோணும். ஏர் கிளீனரைக் கழட்டி, இஞ்சின் நின்னபடியே த்ராட்டிலை (ஆக்சிலேட்டர் இழுக்கற லிவர்) தட்டிப் பாருங்க. கார்புரேட்டர் தொண்டையில பெட்ரோல் பீய்ச்சினா பெட்ரோல் வருது, கரண்ட் பக்கம் தேடுங்க. பீய்ச்சலைன்னா ஏர் லாக். சூடான இஞ்சின்ல பைப்பைப் பிடுங்கி செல்ஃப் அடிச்சுச் சோதிக்கறது தீ விபத்துல முடியும், அதை மட்டும் செய்யாதீங்க.

ரேடியேட்டர்_பட்டறை:

கூலிங் பத்திச் சுருக்கமா. சேலத்துப் போர் தண்ணி உப்புத் தண்ணி. வருஷக்கணக்கா அதை ஊத்தின ரேடியேட்டர்ல குழாய் பாதி அடைஞ்சிருக்கும். மேல்தொட்டியைப் பிரிச்சு ராடு விட்டுச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க, ரொம்ப மோசம்னா கோர் மாத்துங்க. அப்புறம் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. இஞ்சின் சூடானதும் தண்ணிக்கு வழி திறக்கற தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசறது பழைய வழக்கம், கேக்காதீங்க. கொதிக்கற தண்ணியில போட்டுத் திறக்குதான்னு பாத்து மாட்டுங்க. ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால அழுத்தினா ஒரு சென்டிமீட்டர் இறங்கணும்.

இந்த இஞ்சினுக்குக் கீழ வார்ப்பிரும்பு, மேல ஹெட் அலுமினியம். ஒரு தடவை நல்லா கொதிச்சாலே ஹெட் வளைஞ்சு கேஸ்கெட் போயிடும். கொதிச்சா நிறுத்தி அரைமணி நேரம் விட்டுட்டு, துணியைப் போட்டு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமா திறங்க. பச்சைத்தண்ணியை உடனே ஊத்தினா ஹெட் விரிசல் விடும்.

கோரிமேடு_வாசி:

ரொம்ப நன்றிங்க, அத்தனையும் எழுதி வச்சுக்கிட்டேன். இரண்டு சந்தேகம். கொண்டை ஊசி வளைவுல முதல் கியர் விழாம சத்தம் போடும், அது கியர்பாக்ஸ் கோளாறா? கூட்டம் இல்லாம குப்பனூர் வழியா ஏறலாமா?

மலைப்பாதை:

கோளாறு இல்லைங்க. பத்மினியோட முதல் கியருக்கு, ஓடும்போது பல்லுகளோட வேகத்தை ஒண்ணாக்கற சின்க்ரோமெஷ் கிடையாது. வண்டி உருளும்போது தள்ளினா பல்லு பல்லை அரைக்கும். ஒண்ணு முழுசா நிறுத்திப் போடோணும், இல்லைன்னா இரட்டைக் கிளட்ச்: கிளட்ச் மிதிச்சு நியூட்ரல், விட்டு ஒரு ஆக்சிலேட்டர், மறுபடி மிதிச்சு முதல் கியர். கீழ கோரிமேடு காலி ரோட்டுலயே பழகிக்கங்க. கியர் இரண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டா, ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்கற கியர் ராடு புஷ் தேஞ்சிருக்கும். புஷ் விலை கம்மி, வேலையும் அரைநாள்தான்.

அடிவாரம் வழியாவே போங்க. 20 கொண்டை ஊசி வளைவும் அகலமானது, ஓரத்துல ஒதுங்கி ஆற வைக்க இடம் கிடைக்கும். குப்பனூர் பாதை குறுகலு. வார நாள்ல காலை 6 மணிக்கு அடிவாரம் தாண்டிட்டா வெயிலும் இல்ல, பஸ் நெரிசலும் இல்ல. மேல காத்து லேசாகறதால நாப்பது குதிரைத்திறன் சொச்சத்துல ஏழுல ஒரு பங்கு காணாம போகும். அதனால 4 பேருக்கு மேல ஏத்தாதீங்க, கேரியர் காலியா இருக்கட்டும்.

ரேடியேட்டர்_பட்டறை:

ஏறுறதைப் பத்தியே பேசிட்டிருக்கோம், பயம் இறங்கும்போதுதான். நாலு சக்கரமும் டிரம் பிரேக், மிதிக்கறதை லேசாக்கற பூஸ்டரும் இல்ல. 8 வருஷம் நின்ன வண்டியில, சக்கரத்துல பிரேக்கை அழுத்தற வீல் சிலிண்டர் இறுகியிருக்கும், ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ள உப்பி அடைச்சிருக்கும். எல்லா வீல் சிலிண்டருக்கும் கிட், மாஸ்டர் சிலிண்டர் கிட், ஹோஸ் எல்லாம் புதுசா போடணும். பழைய பிரேக் ஆயில் தண்ணியை உறிஞ்சியிருக்கும்: புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினதுக்கு அந்த அளவு 140க்கு இறங்கிடும். இறக்கத்துல பெடல் திடீர்னு பஞ்சு மாதிரி உள்ள போறது இதனாலதான்.

முதல் வளைவுலேருந்தே இரண்டாவது கியர். நியூட்ரல் கூடவே கூடாது. பிரேக்கை ஒரே அடியா மிதிச்சுப் பிடிக்காம, மிதிச்சு மிதிச்சு விடுங்க. கருகின வாசனை வந்தா ஒதுக்கி 20 நிமிஷம் நிறுத்துங்க. டிரம்முல தண்ணி ஊத்தாதீங்க. சக்கரத்துக்குக் கல்லு வச்சு, கியர்ல போட்டு நிறுத்துங்க.

டயர் பூ நல்லா இருந்தாலும் பக்கவாட்டுல நாலு இலக்கம் பாருங்க. 2317ன்னா 2017ஆம் வருஷம் 23ஆவது வாரம் தயாரிச்சது. உங்க வண்டியில இருக்கற அஞ்சும், ஸ்டெப்னி சேத்து, மாத்தியே ஆகணும்.

முன்கண்ணாடிக்குப் பக்கத்துல இருக்கற முக்கோணக் கண்ணாடியோட ரப்பரும் கொக்கியும் சரி பண்ணிடுங்க. அப்பா உக்கார்ற பக்கம் அதைத் திருப்பி விட்டா மலைக்காத்து நேரா முகத்துக்கு வரும்.

கோரிமேடு_வாசி:

அதைத்தான் அவர் முதல்ல கேட்டார்ங்க. இடது பக்கக் கொக்கி உடைஞ்சிருக்கு. நாளைக்கு பிளக்கைக் கழட்டி ஆயில் விடறேன், ஃபேன் சுத்தினதும் இங்க வந்து எழுதறேன்.