மெசல்சன்–ஸ்டால் சோதனை: முதல் தலைமுறை முடிவு மட்டும் ஏன் போதாது?

கேள்வி – மேல்நிலை உயிரியல் ஆசிரியை

வணக்கம். டி.என்.ஏ. இரட்டிப்பாகும்போது உருவாகும் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஓர் இழை பழையது, மற்றது புதியது என்பதை விளக்க, மேத்யூ மெசல்சனும் ஃபிராங்க்ளின் ஸ்டாலும் 1958-இல் வெளியிட்ட சோதனையையே வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன். நைட்ரஜனின் கனமான வடிவமான நைட்ரஜன்-15 மட்டுமே கிடைக்கும் ஊடகத்தில் வளர்ந்த ஈ. கோலை பாக்டீரியாவைச் சாதாரண நைட்ரஜன்-14 ஊடகத்துக்கு மாற்றி, ஒரு தலைமுறை கழித்து அதன் டி.என்.ஏ.வை அடர்த்தி வாரியாகப் பிரித்துப் பார்த்தால், கனமான பட்டைக்கும் இலேசான பட்டைக்கும் நடுவில் ஒரே ஒரு பட்டை தெரிகிறது. இதைச் சொன்னதும் ஒரு மாணவி, “பழைய டி.என்.ஏ. துண்டு துண்டாகி, அந்தத் துண்டுகள் எல்லா இழைகளிலும் கலந்திருந்தாலும் பட்டை நடுவில்தானே விழும்?” என்று கேட்டாள். சிதறல் முறை இல்லை என்பதை எந்தக் கட்டத்தில், எதைக் கொண்டு முடிவு செய்தார்கள்?

மறுமொழி 1 – மூலக்கூறு உயிரியல் ஆய்வாளர்

மாணவியின் கேள்வி மிகச் சரியானது. முதல் தலைமுறைப் பட்டை விலக்குவது ஒன்றை மட்டுமே. பழைய இரட்டைச் சுருள் அப்படியே இருக்க, அதன் அருகே முழுக்கப் புதியதொரு சுருள் உருவாகிறது என்ற பழையன காத்தல் முறை உண்மையாக இருந்திருந்தால், கனமானது ஒன்றும் இலேசானது ஒன்றுமாக இரண்டு பட்டைகள் தெரிந்திருக்க வேண்டும், அப்படித் தெரியவில்லை. மேக்ஸ் டெல்புரூக் 1954-இல் முன்வைத்த சிதறல் கருத்து இந்தக் கட்டத்தில் அசையாமல் நிற்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்த முறையில் இரட்டிப்பானாலும், மொத்த டி.என்.ஏ.வில் எஞ்சியிருக்கும் நைட்ரஜன்-15-இன் அளவு ஒன்றுதான்: முதல் தலைமுறையில் பாதி, இரண்டாவதில் கால் பங்கு. ஆகவே சராசரியை அளந்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்தக் கன நைட்ரஜன் மூலக்கூறுகளிடையே எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டும். அதற்காகத்தான் சீசியம் குளோரைடு கரைசலில் டி.என்.ஏ.வைக் கலந்து, நிமிடத்துக்கு 44,770 சுற்று வேகத்தில் ஏறக்குறைய 20 மணி நேரம் மையவிலக்கியில் சுழற்றினார்கள். கரைசலின் அடர்த்தி மேலிருந்து கீழாகப் படிப்படியாக உயர்ந்து நிற்க, ஒவ்வொரு மூலக்கூறும் தன் அடர்த்திக்குச் சமமான இடத்தில் போய்த் தங்கிவிடுகிறது. இருவகை டி.என்.ஏ.வுக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு கன சென்டிமீட்டருக்கு 0.014 கிராம்தான். அந்தச் சிறிய இடைவெளியையும் புற ஊதா ஒளிப்படத்தில் தனித்தனிப் பட்டைகளாகக் காட்டியதே இச்சோதனையின் பெரும் சாதனை என்று நான் கருதுகிறேன்.

இரண்டாம் தலைமுறையில், சிதறல் முறை சரியாக இருந்தால் எல்லா மூலக்கூறுகளிலும் கால் பங்கு கன நைட்ரஜன் இருக்கும். ஒரே பட்டை, இலேசான பக்கமாக நகர்ந்து விழும். ஆனால் கிடைத்தவை இரண்டு பட்டைகள்: ஒன்று பழைய நடுப்பட்டை, இடம் மாறாமல்; மற்றது முழுக்க இலேசானது; இரண்டும் ஏறத்தாழச் சம அளவில். அதற்குப் பின் வந்த தலைமுறைகளில் இலேசான பட்டை வளர்ந்துகொண்டே போனது. நடுப்பட்டையோ தன் இடத்தை விட்டு நகரவே இல்லை.

மறுமொழி 2 – உயிர்வேதியியல் முனைவர் பட்ட மாணவர்

மேலே ஐயா சொன்னதோடு, பாடங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒரு பகுதியைச் சேர்க்க விரும்புகிறேன். அதே ஆய்வில், முதல் தலைமுறையின் நடுப்பட்டை டி.என்.ஏ.வை 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி மறுபடியும் சுழற்றினார்கள். அப்போது அது இரண்டு பட்டைகளாகப் பிரிந்தது. ஒன்று சூடாக்கிய கன டி.என்.ஏ. நிற்கும் இடத்திலும், மற்றது சூடாக்கிய இலேசான டி.என்.ஏ. நிற்கும் இடத்திலும் நின்றன. துண்டுகள் சிதறிக் கலந்திருந்தால் பிரிந்த பகுதிகளும் நடுத்தர அடர்த்தியோடே இருந்திருக்கும். மாணவிக்கு நேரடியான விடை இதுவே என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் தங்கள் கட்டுரையில் அந்தப் பாதிகளைத் தனி இழைகள் என்று அறுதியிட்டுச் சொல்லாமல், துணை அலகுகள் என்றே எழுதினார்கள். வாட்சனும் கிரிக்கும் 1953-இல் முன்வைத்த டி.என்.ஏ. இரட்டைச் சுருள் அமைப்போடு முடிவு அழகாகப் பொருந்தியபோதும், கைவசம் இருந்த சான்று தாங்கும் அளவுக்கு மட்டுமே பேசினார்கள். மாணவர்களுக்கு இதையும் எடுத்துச் சொல்லலாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. சூடாக்கிய பகுதியை நான் இதுவரை வகுப்பில் சொன்னதில்லை, இனிச் சேர்த்துக்கொள்கிறேன். பாக்டீரியாவில் கண்டதைத் தாவரங்களுக்கும் பொருத்த அக்காலத்தில் சான்று இருந்ததா?

மறுமொழி 3 – தாவரவியல் விரிவுரையாளர்

இருந்தது, அதுவும் ஓராண்டு முன்பே. 1957-இல் ஹெர்பர்ட் டெய்லரும் உடன் ஆய்வாளர்களும் விசியா ஃபாபா என்னும் அவரையினச் செடியின் வேர்நுனிகளுக்குக் கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய தைமிடினை (டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருள்களில் ஒன்று) கொடுத்தார்கள். பிறகு வேர்களைக் கழுவி, கதிரியக்கம் இல்லாத கரைசலுக்கு மாற்றி, குரோமோசோம்களின் மேல் ஒளிப்படப் பூச்சிட்டு, எங்கெங்கே கறுப்புப் புள்ளிகள் விழுகின்றன என்று பார்த்தார்கள். முதல் பிரிவில் இரு குரோமாட்டிடுகளிலும் (இரட்டித்த குரோமோசோமின் இரு பாதிகள்) புள்ளிகள் இருந்தன. அடுத்த இரட்டிப்புக்குப் பின் ஒன்றில் மட்டுமே இருந்தன. ஒரு குரோமாட்டிடில் இருப்பது ஒரே நீண்ட டி.என்.ஏ. மூலக்கூறு என்பது பின்னாளில்தான் உறுதியானது. ஆகையால் இதை அன்று குரோமோசோம் அளவிலான சான்றாகவே கொள்ள முடிந்தது.

எந்தச் செல் எத்தனை முறை இரட்டிப்பானது என்பதை அறிய அவர்கள் கோல்ச்சிசினைப் பயன்படுத்தினார்கள். அது செல் இரண்டாகப் பிரிவதைத் தடுப்பதால் குரோமோசோம்கள் ஒரே செல்லுக்குள் சேர்ந்துவிடும். 12 குரோமோசோம் உள்ள செல் ஒரு முறை இரட்டிப்பானது, 24 உள்ளது இரண்டு முறை இரட்டிப்பானது என்று நுண்ணோக்கியில் எண்ணியே சொல்லிவிடலாம்.