மனந்திரும்புதல் கிருபைக்கு நாம் செலுத்தும் விலையா?

கேள்வி:
கிருபையினாலே (தகுதியற்ற நமக்குத் தேவன் காட்டும் தயவினாலே), விசுவாசத்தைக் கொண்டு இரட்சிக்கப்பட்டோம் என்றும், அது தேவனுடைய ஈவு என்றும் வேதாகமத்தில் எபேசியர் 2:8 கூறுகிறது. ஆனால் பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் இயேசுவின் சீடரான பேதுரு முதலில் மனந்திரும்பும்படியல்லவா அழைத்தார்? பல ஆண்டுகளாக ஒரே பாவத்தில் விழுந்து எழும் எனக்கு, என் மனந்திரும்புதல் போதுமானதா என்ற அச்சம் நீங்கவில்லை.

மறுமொழி 1:
சகோதரரே, புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள 'மெட்டனோயா' என்னும் சொல் சிந்தை மாறுவதைக் குறிக்கிறது. கடன் தீர்ப்பதை அன்று. லூக்கா 15-இல் இயேசு சொன்ன உவமையில், வீட்டைவிட்டுப் போய்ச் சொத்தை அழித்த இளைய மகன், தன்னைக் கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்படி கேட்கத் தீர்மானித்து வருகிறான். அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் ஓடிப்போய் முத்தமிடுகிறார். அதன்பின் அவன் பேசும்போது, கூலிக்காரன் என்ற அந்த வாக்கியம் மட்டும் சொல்லப்படாமலே நின்றுவிடுகிறது. எத்தனை முறை வாசித்தாலும் என் உள்ளம் உருகும் இடம் இது. திரும்பி வந்தது அவன்தான். ஆனால் அந்த வருகை மகன் என்னும் உரிமையை விலைக்கு வாங்கவில்லை.

மறுமொழி 2:
உடன்படுகிறேன். எனினும் எபேசியர் 2:10-ஐயும் சேர்த்து வாசியுங்கள்: நற்கிரியைகள் இரட்சிப்பின் காரணமல்ல, அதன் கனி.

மறுமொழி 3:
உங்கள் அச்சத்தைக் குறித்து ஒன்று சொல்ல விரும்புகிறேன். இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்டு, அங்கே மனந்திரும்பிய கள்ளனுக்குத் தன் மாற்றத்தை நிரூபிக்க நாட்களே இல்லை. இயேசுவை நோக்கி வேண்டினான், அவ்வளவே. உங்கள் மனந்திரும்புதலின் ஆழத்தை அளந்துகொண்டிராமல் அவரையே நோக்குங்கள். தனியே போராடவும் வேண்டாம். யாக்கோபு 5:16 சொல்கிறபடி, நம்பத்தகுந்த ஒரு விசுவாசியிடம் அறிக்கையிட்டு, இருவரும் சேர்ந்து ஜெபியுங்கள்.