நாந்த் யானையை நேரில் பார்த்தவர்கள்: உங்களுக்கு எது மறக்கவில்லை?

கும்பகோணத்து மருமகள்

பிரான்ஸின் நாந்த் நகரத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நடக்கிற அந்தப் பெரிய இயந்திர யானை எப்படி இருக்கும் என்று எழுதப்போவதில்லை, படம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அத்தை ஊரிலிருந்து வந்திருந்தபோது பாரிஸிலிருந்து ரயிலில் கூட்டிப்போனோம். ஏறுவதற்கு டிக்கெட் தீர்ந்துவிட்டது, அதனால் கீழேயே கூட்டத்தோடு நின்றோம். கொட்டகையைவிட்டு அது வெளியே வந்ததும் பிள்ளைகள் முன்னால் ஓடினார்கள். அத்தை மட்டும் ஓரமாகப் போய்ச் செருப்பைக் கழற்றினார். கும்பேஸ்வரர் கோயில் யானை மங்களத்திடம் நிற்பதுபோலவே தலையைக் குனிந்து கைகூப்பி நின்றுவிட்டார்.

அதுவரை போகிறவர் வருகிறவர் மேலெல்லாம் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்த துதிக்கை, அத்தைக்கு மேலே வந்து நின்றது. தண்ணீர் வரவில்லை. அந்தப் பெரிய இமை மெதுவாக மூடித் திறந்தது. அப்புறம் துதிக்கை பக்கத்திலிருந்த பையன்களிடம் திரும்பி அவர்களை நனைத்துவிட்டது. "குடுத்துடுச்சு" என்றார் அத்தை. அவ்வளவுதான்.

உள்ளே இருந்து இயக்குகிறவர் அத்தையைப் பார்த்துத்தான் அப்படிச் செய்தார் என்று நான் நம்புகிறேன். அது எதற்கான வணக்கம் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா? இது இன்னும் என் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

தேம்ஸ் கரை

இதே யானையை நான் 2006 மே மாதம் லண்டனில் பார்த்துவிட்டேன். வேலைக்குப் போகிற வழியில் தெருவெல்லாம் அடைத்திருந்தார்கள். யானையைவிட எனக்கு அந்தப் பெரிய மரப் பொம்மைச் சிறுமிதான். ராக்கெட்டுக்குள்ளிருந்து வந்தாளே, அவள். சிவப்பு உடுப்புப் போட்ட ஆட்கள் உயரத்திலிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிப்பார்கள். அவர்கள் எடை கீழே இறங்க, அவள் கால் மேலே எழும். ஒரு அடிக்கு ஒரு குதி. என் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் போக்குவரத்தை மறந்துவிட்டு அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாந்துக்குப் போனால் அந்தச் சிறுமி இருப்பாளா?

கோவை ஃபிட்டர்

தேம்ஸ் கரை அண்ணா, அது வேறு யானை. நீங்கள் பார்த்தது ரோயால் டி லுக்ஸ் என்ற தெருநாடகக் குழுவின் யானை. பிரெஞ்சு நாவலாசிரியர் ஜூல் வெர்ன் இறந்து நூறு ஆண்டு ஆனதற்காக 2005இல் நாந்திலும் மறு வருஷம் லண்டனிலும் ஓடியது. இப்போது இருப்பது 2007இல் புதிதாகச் செய்தது. இரண்டையும் வடிவமைத்தவர் பிரான்சுவா தெலாரொசியேர்தான், அதனால்தான் ஜாடை ஒன்றாக இருக்கிறது. சிறுமி அங்கே இல்லை.

என் விஷயத்துக்கு வருகிறேன். 12 மீட்டர் உயரம், 21 மீட்டர் நீளம், ஐம்பது டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. எஃகுச் சட்டத்தின்மேல் டியூலிப் மரத்தைச் செதுக்கிப் பொருத்தியிருக்கிறார்கள். நான் முதலில் குனிந்து பார்த்தது அடிவயிற்றை. பாரத்தைத் தாங்குவது அங்கே இருக்கிற சக்கரங்கள். கால்கள் தரையைத் தொட்டு எடுக்கின்றன. என்னோடு வந்தவர்கள் இது ஏமாற்று என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. ஒவ்வொரு காலும் எழும்போது முழங்கால் மடிகிறது, பாதம் ஒரு கணம் தொங்குகிறது, அப்புறம்தான் இறங்குகிறது. அந்த ஒரு கணத் தொங்கலுக்காக ஹைட்ராலிக் சிலிண்டரை எத்தனை தடவை சரிசெய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அது என் தொழில்.

அங்கேயே ஒரு பெரியவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அரைகுறை ஆங்கிலத்தில் பேசினோம். அந்தக் கொட்டகையில், அது கப்பல்பட்டறையாக இருந்த காலத்தில், வெல்டராக இருந்தாராம். 1987இல் பட்டறையை மூடினார்கள். யானையின் காலைக் காட்டி, "இந்த வெல்டிங் தையல் சுத்தமான வேலை" என்று கட்டைவிரலை உயர்த்தினார். தான் வேலை பார்த்த இடத்தில் மறுபடி எஃகு வெட்டுகிற சத்தம் கேட்பதைப் பற்றி அவர் வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ரெண்டு பிள்ளைகளின் அம்மா

கும்பகோணத்து அக்காவுக்கு: மற்ற இயந்திர உயிரினங்களை வைத்திருக்கிற கேலரியில், அவற்றை இயக்குகிற ஒருவரிடம் நான் இதையே கேட்டேன், ஆளைப் பார்த்துத்தான் செய்வீர்களா என்று. ஆளைப் பார்க்காமல் எப்படி என்றார். உங்கள் அத்தையை நிச்சயம் பார்த்திருப்பார்கள்.

எங்களுக்கு அமைந்தது கேலரியில் இருக்கிற இயந்திர எறும்பு. சின்னவளைக் கூப்பிட்டு அதன்மேல் ஏற்றி நெம்புகோலைக் கையில் கொடுத்தார்கள். வீட்டில் யார் வந்தாலும் கதவுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை. இழுத்தாள், பக்கத்தில் ஒரு கால் முன்னால் போனது. கையை எடுத்துக் கால் நின்றதைப் பார்த்தாள். மறுபடி இழுத்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை! இறங்கச் சொன்னபோது அழுதாள்.

பாரிஸ் பெரியப்பா

போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். யானைக்கு, கேலரிக்கு, கடல் ராட்டினத்துக்கு என்று தனித்தனி டிக்கெட். ஒன்று வாங்கினால் எல்லாம் பார்க்கலாம் என்று நினைத்து நிறையப் பேர் கவுன்ட்டரில் சண்டை போடுகிறார்கள். யானை ஒரு நடைக்கு ஐம்பது பேர்வரைதான் ஏற்றும், நடை அரைமணி நேரம், விடுமுறை நாளில் சீக்கிரம் தீர்ந்துவிடும். குளிர்காலத்தில் கொஞ்ச நாள் மூடிவிடுவார்கள், தேதி பார்த்து ரயில் போடுங்கள். பாரிஸின் மோம்பர்னாஸ் ஸ்டேஷனிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேல். இறங்கி ஒன்றாம் நம்பர் டிராம், கப்பல்பட்டறை நிறுத்தம், பாலம் தாண்டினால் வந்துவிடும்.

ராட்டினத்தை விட்டுவிடாதீர்கள். 2012இல் வந்தது, மூன்று தளம், ஏறத்தாழ 25 மீட்டர் உயரம். அடியில் கடலின் தரை, நடுவில் ஆழ்கடல், மேலே அலையும் படகுகளும். அடித்தளத்தில் நண்டில் இடம் பிடியுங்கள், கொடுக்கை நாமே ஆட்டலாம். தாத்தா பாட்டியைக் கூட்டிப்போகிறவர்கள் உட்கார இடம் முதலில் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு மாற்றுச் சட்டை எடுத்துப்போங்கள், யானை நனைக்கும். சாப்பாடு கையில் இருந்தால் நல்லது.

என் அனுபவம் என்றால், யானை மேலேறினேன். ஏறினால் யானை தெரியாது. அதுதான் என் வருத்தம்.

காரைக்கால் கடலோடி

பெரியப்பா, அப்படிச் சொல்லாதீர்கள். நானும் ஏறினேன். முதுகு மாடத்திலிருந்து காதைப் பார்த்தீர்களா? தோலில் செய்த காது, நமக்குக் கீழே மடிந்து விரிகிறது. ஒவ்வொரு அடிக்கும் தரை ஒருபக்கம் சாய்ந்து மீள்கிறது. கீழே லுவார் ஆறு, பழைய மஞ்சள் கிரேன். மணிக்கு ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர்தான், ஆனாலும் படகில் நிற்பதுபோல் காலை அகட்டி வைத்துக்கொண்டேன். யானை தெரியாமல் போனாலும் அதன் நடை நம் உடம்புக்கு வந்துவிடுகிறது.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. வெர்ன் நாந்தில் பிறந்தவர். 1880இல் அவர் எழுதிய நாவலில் ஒரு நீராவி யானை வட இந்தியா முழுக்க வண்டி வீடுகளை இழுத்துக்கொண்டு போகும். கதை நடப்பது 1857 எழுச்சிக்குப் பத்து வருஷம் கழித்து, ஊர் சுற்றுகிற முக்கியமான ஆட்கள் ஐரோப்பியர்கள். நம் மண்ணில் நடந்ததாகச் சொன்ன யானை அங்கே போய் நிற்கிறது. மேலே நின்றபோது எனக்குச் சந்தோஷமும் கோபமும் சேர்ந்து வந்தது. இறங்கிய பிறகும் இரண்டும் போகவில்லை.

நாரை மரம்

நான் வேறு கட்சி. கேலரியில் அந்த இயந்திர நாரையின் இறக்கைக்கு அடியில் ஆட்களை உட்கார வைத்து மேலே தூக்குவார்கள். கீழே, கட்டுவதாக இருந்த பெரிய இயந்திர மரத்தின் மாதிரி. கிளைகளில் நடக்கலாம், உச்சியில் நாரைகள் சுற்றும் என்று வருஷக்கணக்காகச் சொன்னார்கள். சோதனைக்குச் செய்த கிளை ஒன்று வெளியே இருந்தது, அதன்மேல் செடிகள்கூட வளர்ந்திருந்தன. செலவு ஏறிக்கொண்டே போகிறது என்று 2022இல் கைவிட்டுவிட்டார்கள். நான் அந்தக் கிளையில் நடந்தவன். கைப்பிடியில் ஈரம் இருந்தது, ஒரு வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. நகரத்தின் பணம், நகரம் முடிவு செய்யட்டும், சரி. ஆனால் அது கட்டப்பட்டிருக்க வேண்டும் என்றுதான் நான் இன்னும் சொல்வேன்.

வடக்குக் கடற்கரை

எல்லோரும் நாந்தையே பேசுகிறீர்கள். இதே தெலாரொசியேரின் ஆட்கள் செய்த இயந்திர டிராகன் 2019 முதல் பிரான்ஸின் வடக்குத் துறைமுகமான கலேயில் இருக்கிறது. 72 டன், 25 மீட்டர் நீளம், எங்கள் வீட்டிலிருந்து பக்கம்.

ஃபிட்டர் தம்பி, சக்கரம் தெரிந்தாலும் பரவாயில்லை என்கிறீர்கள், உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஓட்டுகிறவர்கள் கண்ணுக்குத் தெரிய உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கு என் மகன் கையசைத்தான். அவர்களும் அசைத்தார்கள். அடுத்த நிமிஷம் டிராகன் இறக்கையை விரித்து வாயைத் திறந்து நெருப்பை விட்டது. இயந்திரம் என்று எல்லாம் தெரிந்த பையன், அந்த ஆட்களிடமே, "ஓடி வாங்க, அது சுடும்!" என்று தமிழில் கத்தினான்.