ஹூஸ்டனில் பனியில் கருகிய ஒட்டு மா பிழைக்குமா?

வணக்கம். நான் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். கேள்வி என் தங்கைக்காக. ஹூஸ்டனில் வீட்டுக்குப் பின்னால் ஒட்டு மா, கொய்யா, பப்பாளி வைத்திருக்கிறாள். கோடை அங்கே நம்ம ஊர் மாதிரிதான். ஆனால் சில குளிர்காலங்களில் ஓரிரு ராத்திரி பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடுகிறது. 2021 பிப்ரவரியில் மைனஸ் 10 வரை போனது.

போன வாரம் மைனஸ் 4. பிளாஸ்டிக் தாளைப் போர்த்தியிருக்கிறாள். அது இலையில் ஒட்டிய இடம்தான் முதலில் போனது. மறுநாள் இலைகள் வெந்நீர் ஊற்றியதுபோலத் தொங்கி, அப்புறம் காப்பித்தூள் நிறமாகிவிட்டன. வீடியோ காலில் பட்டையை நகத்தால் சுரண்டச் சொன்னேன். மேலே பழுப்பு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பச்சை. ஒட்டுக்கட்டு, அதாவது நல்ல ரகக் கிளையை வேர்ச்செடியோடு இணைத்த இடம், இருப்பதும் சரியாக அங்கேதான். அதற்குக் கீழே துளிர்த்தால் என்ன பிரயோஜனம், வேர்ச்செடியின் மாங்காய்தானே வரும்?

எனக்குத் தெரிந்ததெல்லாம் காற்றுதான். 2011 தானே புயலில் முறிந்த எங்கள் பலா அடியிலிருந்து துளிர்த்தது. குளிர் தெரியாது, மார்கழியில் 20 டிகிரிக்கே கம்பளி தேடுகிற ஆள் நான்.

கருகிய கிளைகளை இப்போதே வெட்டலாமா, மார்ச் வரை விடலாமா? ஒட்டுக்கட்டு மறையும்வரை மண் அணைக்கலாமா, பட்டை அழுகிவிடுமா? போர்வைக்குள் பழைய குண்டு பல்பு எரியவிட்டவர்கள் யாராவது உண்டா? (எல்இடியில் சூடு வராது, அதை முயன்று பார்த்தாயிற்று.)

அங்கே மரம் வளர்த்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். வியாழக்கிழமை மறுபடி உறைபனியாம்.